தானாக நிரம்பிய கட்டம்

எறும்பு என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது அக்காதான். சின்ன வயதில் சோறு ஊட்டுவதற்குள் வீட்டை நாலு சுற்று சுற்றுவாளாம். வளர்ந்து படித்து, வலைப்பக்கம் கட்டித் தரும் கம்பெனியில் சேர்ந்து, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்கே சம்பளம் வாங்குகிற நிலைமை வந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. கால் ஆடும், பேனா ஆடும், ஒன்றும் இல்லையென்றால் காதில் தொங்கும் கம்மலாவது ஆடும். அலுவலகத்திலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அந்தச் சமயத்தில் அவளுக்கு வீட்டிலும் நெருப்பு, அலுவலகத்திலும் நெருப்பு. வீட்டுச் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் தலைபோகிற விஷயம்.

அக்கா ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யப் படித்தவள். ஊசி குத்தினால் வலியே தெரியாது என்று பேர் வாங்கியவள். கல்யாணம் ஆனதும் அத்தான், "வேலை எல்லாம் எதுக்கு? நான் இருக்கேன்ல?" என்றார். நான் இருக்கேன்ல என்றவர் சொன்ன சொல் தவறாமல் எல்லாவற்றிலும் இருந்தார். வங்கிக் கணக்கா, ஆஸ்பத்திரி அட்டையா, இணையத்தில் புடவை வாங்குவதா, எதுவானாலும் பெயர் அக்காவுடையது, ஃபோன் நம்பர் அவருடையது. அடித்தார், உதைத்தார் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நல்ல மனுஷன் என்று தெருவே சொல்லும். ஒருமுறை அவருக்குத் தெரியாமல் அக்கா ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை கேட்டிருந்தாள். வேலை கிடைத்தும்விட்டது. அவர்கள் கூப்பிட்ட அழைப்பு எங்கே போகும்? அவரிடம்தான் போனது. "அவங்க மனசு மாறிட்டாங்க சார், வரமாட்டாங்க" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார். பல மாதம் கழித்துத் தோழி ஒருத்தி வாயிலிருந்து அது வெளியே வந்தது. அன்றைக்கு அக்கா சண்டை கூடப் போடவில்லை. ஒரு பை நிறையத் துணி, சான்றிதழ்கள், பழைய லேப்டாப், இவ்வளவையும் எடுத்துக்கொண்டு தங்கையின் ஒற்றை அறை வீட்டுக்கு வந்துவிட்டாள். புது சிம் வாங்கினாள். அவர் நம்பரைத் தடுத்து வைத்தாள். அவரோ, "கோபம் தணிஞ்சா தானா வருவா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆக, அக்காவுக்கு ஒரு வேலை வேண்டும். தங்க இடமும் கொடுக்கிற வேலையாக இருந்தால் தேவலை. அத்தானின் மூக்கு நுழையாத வேலையாக இருக்க வேண்டும். இதுதான் விஷயம்.

இப்போது அலுவலகத்துக்கு வருவோம். ஒரு பெரிய ஆஸ்பத்திரி தங்கள் வேலைவாய்ப்பு விண்ணப்பப் பக்கத்தைக் கட்டித் தரச் சொல்லியிருந்தது. பரிசோதனைக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள், ஆஸ்பத்திரி வளாகத்திலேயே தங்கும் அறையும் உண்டு என்ற சேதி எறும்புக்கு அந்தப் பக்கத்தைக் கட்டும்போதுதான் தெரிந்தது. வேலையே கையில் சேதி கொண்டுவந்து கொடுத்த மாதிரி ஆனது. அன்று மாலை அவள் வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தில் செருப்பு வார் அறுந்தது.

ஆனால் அந்தப் பக்கம் முடிந்தால்தானே அக்கா விண்ணப்பம் போட முடியும்? முடியவிடாமல் குறுக்கே நின்றது ஒரு நிறம்.

ஆஸ்பத்திரியின் நிர்வாகி அம்மாவுக்கு விண்ணப்பத்தின் கட்டங்கள் எல்லாம் வெண்ணெய் நிறத்தில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சுவரின் நிறம் அது. சுவரிலிருந்து சுண்ணாம்புச் சில்லு ஒன்றைப் பெயர்த்து எடுத்து, உறையில் போட்டு அனுப்பியிருந்தார் அந்த அம்மா. எறும்பும் சில்லைத் திரையில் ஒட்டி வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அச்சு அசலாக அதே நிறத்தைக் கொண்டுவந்துவிட்டாள். இரண்டே நாளில் அந்த அம்மாவிடமிருந்து ஃபோன்.

"ஏம்மா, மூணு கட்டம் மட்டும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கே, என்ன விஷயம்? என் பையன் கம்ப்யூட்டர்ல பார்த்தா நீலமா வேற தெரியுது. காசு கொடுத்து வாங்கின நிறம் ஆளுக்கு ஒண்ணா தெரியுமா?"

விஷயம் இதுதான். பெயர், முகவரி, ஃபோன் நம்பர் என்று நாம் முன்பு எங்கோ எழுதியதையெல்லாம் பிரவுசர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பெயரை எழுத ஆரம்பித்ததுமே, 'இந்தா' என்று மீதிக் கட்டங்களைத் தானே நிரப்பிவிடும். அப்படித் தான் நிரப்பிய கட்டத்துக்கு அது தன் நிறத்தைப் பூசிவிடும். ஒரு பிரவுசர் வெளிர்மஞ்சள், இன்னொன்று வெளிர்நீலம். பக்கத்தைக் கட்டியவள் வெண்ணெய் என்று சொன்னாலும் சரி, மண்டியிட்டுக் கெஞ்சினாலும் சரி, அது காதில் வாங்காது.

எறும்பு விடுவாளா? பின்னணி நிறம் வெண்ணெய் என்று எழுதினாள். நடக்கவில்லை. 'இதுதான் கடைசி வார்த்தை, வேறு யார் பேச்சையும் கேட்காதே' என்கிற குறியைச் சேர்த்தாள். அதற்கும் அசையவில்லை. ஒரு பிரவுசரில் சரி செய்தால் மற்றொன்றில் பல்லிளித்தது. சாப்பிட மறந்தாள், நாற்காலியை விட்டு எழுந்து நடந்தாள், மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

பக்கத்து மேசைக்காரன் டெஸ்டர். அடுத்தவர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்பதால் குறைசொல்லி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பான்.

"ஒரு மஞ்சளுக்கா இந்தப் பாடு? காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு அந்தம்மாகிட்ட சொல்லிடு" என்றான்.

"வாயை மூடு. பக்கம் திறக்கலைன்னா அக்கா எப்படி அப்ளை பண்ணுவா?"

கடைசியில் இணையத்தில் தேடியதில் ஒரு குறுக்கு வழி கிடைத்தது. கட்டத்துக்கு உள்பக்கமாக ஒரு நிழல் விழச் செய்யலாம். நிழல் கருப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெண்ணெய் நிறத்தில் தடித்த நிழலாகப் போட்டால் அது கட்டம் முழுவதையும் மூடிவிடும். அடியில் பிரவுசர் மஞ்சள் பூசினாலும், நீலம் பூசினாலும், கண்ணுக்குத் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் மறைந்தது.

அந்த வழியைச் சொல்லிக் கொடுத்த பக்கத்திலேயே, கீழே யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: அந்த நிறத்தை அழிக்காதீர்கள்; 'இதை நீங்கள் எழுதவில்லை, நான் எழுதினேன், ஒருமுறை சரிபாருங்கள்' என்று பிரவுசர் சொல்வதற்காகத்தான் அந்த நிறம். எறும்பு அதைப் படித்தாள். படிக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். 'அதையெல்லாம் யார் பார்க்கிறாங்க' என்று முணுமுணுத்துவிட்டு, பக்கத்தை மூடினாள். குறைசொல்லி எல்லா பிரவுசரிலும் திறந்து பார்த்தான், அத்தனையிலும் ஒரே வெண்ணெய். நிர்வாகி அம்மா மனம் குளிர்ந்து, இப்போதுதான் எங்கள் சுவர் மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார்.

பக்கம் திறந்த அன்றே அக்கா பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எறும்பு பின்னால் நின்றாள், பக்கவாட்டில் நின்றாள், தரையில் உட்கார்ந்தாள், எழுந்தாள்.

"ஏய், ஒரு இடத்துல நில்லு. தலை சுத்துது" என்றாள் அக்கா.

"நீ எழுது, நீ எழுது."

அக்கா தன் பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டினாள். கட்டங்கள் மளமளவென்று தாமாக நிரம்பின.

"அட! எல்லாம் தானாவே வந்துடுச்சே. உன் வேலையா?"

"அது பிரவுசர் வேலை. சரியா இருக்கா பாரு."

முகவரி பழைய வீட்டுடையது. அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை அழித்துவிட்டுப் புது முகவரி எழுதினாள். அதற்கு நேர் கீழே இருந்த ஃபோன் நம்பரின் மீது அவள் கண் வழுக்கிக்கொண்டு போனது. அத்தனை வருஷம் தன் நம்பர் என்று எழுதிப் பழகிய எண். அதில் என்ன தப்பு தெரியும்? எறும்பாவது பார்த்திருக்கலாம். அவளும் அந்தக் கட்டத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், குனிந்து, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி. ஆனால் பாவி, எண்ணைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்த்தாள். ஓரத்தில் எங்காவது மஞ்சள் கசிகிறதா, பழைய லேப்டாப்பிலும் வெண்ணெய் வெண்ணெயாகவே இருக்கிறதா என்று பார்த்தாள். துளி மஞ்சள் இல்லை.

"எவ்வளவு அழகா இருக்கு பாரு" என்றாள்.

"அழகாத்தான் இருக்குடி" என்று சொல்லி அக்கா அனுப்பு பொத்தானை அழுத்தினாள்.

பிறகு காத்திருப்பு ஆரம்பித்தது. அக்கா ஃபோனைக் குளியலறைக்குக்கூட எடுத்துக்கொண்டு போனாள். அது காப்பீட்டுக்காரன் அழைத்தாலும் அலறியது, தப்பான நம்பருக்கும் அலறியது, ஆஸ்பத்திரிக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அக்கா ஒருநாள் அலமாரியைத் துடைத்தாள், மறுநாள் துடைத்த அலமாரியையே துடைத்தாள். எறும்பு அலுவலகத்திலிருந்து மணிக்கொரு தரம், "வந்துச்சா?" என்று கேட்டுக் கேட்டு, "நீ கூப்பிடறதுதான் வந்துட்டே இருக்கு, வை ஃபோனை" என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"என்னை எடுக்க மாட்டாங்க போல. இத்தனை வருஷம் வேலையை விட்டவளை யார் எடுப்பா?" என்று அக்கா ஒரு காலையில் சொன்னாள். அதைச் சொன்ன குரல் அழவுமில்லை, கோபப்படவுமில்லை. எறும்புக்கு அதுதான் பயமாக இருந்தது.

அன்றைக்குத்தான் குறைசொல்லி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"ஆஸ்பத்திரியில இருந்து புகார். நேர்காணலுக்குக் கூப்பிட ஃபோன் பண்ணினா வேற வேற ஆளுங்க எடுக்கறாங்களாம். ஒருத்தருக்குப் பழைய முதலாளி எடுக்கறாரு, இன்னொருத்தருக்கு அவங்க கட்டிக்காம விட்ட பையன் எடுக்கறானாம். பக்கம்தான் நம்பரை மாத்திப்போடுதுன்னு அந்தம்மா குதிக்கறாங்க."

"நம்ம பக்கம் எதுக்கு நம்பரை மாத்துது? எழுதினதை அப்படியே அனுப்பும். அவ்வளவுதான்" என்று எறும்பு சீறினாள். சீறிக்கொண்டே பக்கத்தைத் திறந்தாள், தன் பெயரைத் தட்டினாள். கட்டங்கள் நிரம்பின. ஃபோன் நம்பர் இருந்த இடத்தில் அவள் எப்போதோ தூக்கியெறிந்த பழைய நம்பர் உட்கார்ந்திருந்தது. வெண்ணெய் நிறத்தில், சாதுவாக, அவளே எழுதிய மாதிரி.

அக்காவின் மடியில் இருந்த லேப்டாப் ஞாபகம் வந்தது. அது யார் வீட்டு லேப்டாப், அதில் இத்தனை நாள் யார் நம்பர் எழுதப்பட்டது என்பது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் விண்ணப்பங்களைக் கவனிக்கிற அலுவலரைக் கூப்பிட்டாள். அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

"அந்தம்மாவா? அவங்க விஷயத்துல ஒரு பிரச்சினையும் இல்லைங்க" என்றார் அவர் மகிழ்ச்சியாக. "வீட்டுக்காரர் எடுத்தாரு. எங்கே, எத்தனை மணிக்குன்னு பொறுமையா கேட்டுக் குறிச்சுக்கிட்டாரு. தங்கமான மனுஷன். இன்னைக்கு மத்தியானம்தான் நேர்காணல், கிளம்பியிருப்பாங்களே?"

எறும்பு ஃபோனை வைத்தாள். ஒரு நிமிஷம், அவள் வாழ்நாளில் முதல் தடவையாக, உடம்பில் ஒரு இடமும் ஆடவில்லை.

"அந்த நிழலை எடுத்துடு. எல்லாருக்கும் நம்பரைத் திருப்பிக் கேட்டு எழுதச் சொல்லு. நான்தான் நிறத்தை மறைச்சேன்னு என் பேரைப் போட்டே எழுது" என்றாள் குறைசொல்லியிடம்.

"வேலைக்கே வேட்டு வச்சிடுவாங்கடி. பிரவுசர் மேல பழியைப் போட்டா என்ன?"

"தலைக்கு மேல போயாச்சு. சாண் என்ன, முழம் என்ன? எழுது."

வாடகை வண்டி பிடித்து வீட்டுக்கு வந்தாள். அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எறும்பு மூச்சு வாங்க, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். மஞ்சள் நிறம் எதற்கு என்று தெரிந்தே மறைத்ததையும் சொன்னாள். அக்கா கையிலிருந்த ஈரத் துணியை முறுக்கினாள், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போகும்வரை முறுக்கினாள்.

"உன் கட்டம் அழகா இருக்கறதுக்கு என் பொழப்புதான் கிடைச்சுதா?" என்றாள். "அந்த மனுஷனுக்குத் தெரியக் கூடாதுன்னுதானேடி இவ்வளவும்!"

"திட்டு அக்கா. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டு. இப்போ கிளம்பு."

"கிளம்பி? அங்கே வந்து உட்கார்ந்திருப்பாரு."

அக்கா முறுக்கிய துணியை உதறிக் கொடியில் போட்டாள். உள்ளே போய் முகம் கழுவினாள், சேலையை மாற்றினாள், சான்றிதழ் உறையை எடுத்தாள். "வா" என்றாள்.

வந்துதான் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி அலுவலகத்தின் வெளியே, வெண்ணெய் நிறச் சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில், இஸ்திரி போட்ட சட்டையில், தலையைப் படிய வாரிக்கொண்டு. அக்காவைக் கண்டதும் எழுந்தார். சண்டைக்கு வந்தவர் முகம் இல்லை அது. பரீட்சையில் பாஸ் என்று சொல்லக் கேட்ட பிள்ளையின் முகம்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர், அக்காவிடம் மட்டும், தாழ்ந்த குரலில். "என் ஃபோனை எடுக்க மாட்டேங்கறே. ஆனா நம்பர் கேட்ட இடத்துல என் நம்பரைத்தான் கொடுத்திருக்கே. அன்னைக்கு அவங்க கூப்பிட்டதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. வாயால சொல்ல மாட்டே, உன் ரோஷம் எனக்குத் தெரியாதா? வா, வீட்டுக்குப் போகலாம். இவங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

எறும்புக்கு உலகமே ஒரு சுற்று சுற்றியது. இந்த மனிதர் அந்த எண்ணை இத்தனை நாளும் கடிதம் மாதிரி நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்! ஆத்திரமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பாவமாக இருந்ததற்காகத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"அது அக்கா எழுதினது இல்ல அத்தான், பிரவுசர்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு" என்றாள் அக்கா. அவர் பக்கம் திரும்பினாள். "அந்த நம்பரை நான் போடலைங்க. லேப்டாப் தானா போட்டுக்கிச்சு. நான் கவனிக்கலை."

"லேப்டாப்புக்கு என் நம்பர் எப்படித் தெரியும்?"

"நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? வருஷக்கணக்கா."

பெஞ்சில் உட்காரலாமா, நிற்கலாமா என்று அவருக்கே தெரியவில்லை. அக்கா அவரைத் தாண்டி அலுவலரின் மேசைக்குப் போனாள். எறும்பு பின்னாலேயே போனாள்.

அலுவலர் அக்காவின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். "வந்துட்டீங்களா, நல்லதும்மா. நம்பர் எல்லாம் ஏதோ குளறுபடின்னு இப்பத்தான் பக்கம் கட்டின கம்பெனிக்காரங்க எழுதியிருக்காங்க. எல்லாரையும் மறுபடி கேட்கச் சொல்லியிருக்காங்க. உங்க நம்பர் சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்."

"ஒன்பது, நாலு, நாலு, ஆறு..." என்றாள் அக்கா.

எறும்பு திடுக்கிட்டாள். அது அத்தானின் நம்பர். அக்காவும் அந்த ஆறிலேயே நின்றுவிட்டாள். நின்றவளின் காது நுனி வரை ரத்தம் ஏறியது. பின்னால் பெஞ்சில் சட்டை சரசரத்தது, அவர் தலையை நிமிர்த்துவது பார்க்காமலே தெரிந்தது.

அக்காவின் புது நம்பர் எறும்புக்குத் தலைகீழாகத் தெரியும். சொல்லிவிட வாயெடுத்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள், வலிக்கிற மாதிரி. பிறகு கைப்பையைத் திறந்தாள். ஃபோனை எடுத்து, தன் சொந்த நம்பர் எங்கே இருக்கும் என்று தெரியாமல் இங்கும் அங்கும் தடவி, ஒருவழியாகக் கண்டுபிடித்தாள். கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டாள்.

"முன்னாடி சொன்னதை அடிச்சிடுங்க" என்றாள். பிள்ளைகள் எண் படிப்பது போல ஒவ்வொன்றாக, கடைசி எண் வரை படித்தாள்.

அலுவலர் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "இது யாரோட நம்பரும்மா? வீட்டுக்காரரோடதா?"

"இல்லைங்க" என்றாள் அக்கா. "என்னோடது."